புதிதாகத் துப்பாக்கி சுடப் பழகுகிறவர்களும் பெற்றோரும் கேட்பவை: 10 மீட்டர் ஏர் ரைஃபிள், ஏர் பிஸ்டல்

பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கிய பிறகு, ரேஞ்ச் (துப்பாக்கி சுடும் பயிற்சிக்கூடம்) வாசலில் பிள்ளையோடு வந்து விசாரிக்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை பொருள் வாங்குவது பற்றியவை. கையாளும் முறை பற்றிக் கேட்பவர்கள் குறைவு. இங்கே இரண்டுக்கும் பதில் இருக்கிறது. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பழக்கத்தை முதலில் சம்பாதியுங்கள், உடம்பைத் தொடும் பொருட்களை அடுத்து வாங்குங்கள், துப்பாக்கியைக் கடைசியாக வாங்குங்கள்.

மகள் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. எந்த ரைஃபிள் வாங்கித் தரலாம்?

இப்போது எதையும் வாங்க வேண்டாம். ரேஞ்சில் கிளப் ரைஃபிள் இருக்கும்; முதல் சில மாதங்களுக்கு அது தாராளம். வால்தர், ஃபைன்வெர்க்பாவ், ஆன்ஷூட்ஸ், ஸ்டெயர் போன்ற போட்டி ரைஃபிள்களின் விலை லட்சங்களில் ஓடுகிறது. அவ்வளவு பணம் போடும்போது மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: அவளுக்கு ரைஃபிள் பிடிக்குமா பிஸ்டலா, எந்தக் கண்ணால் குறி பார்ப்பாள், நின்று சுடும்போது அவள் உடம்பு எப்படி அமைகிறது. இரண்டாவது வாரத்தில் இவை யாருக்கும் தெரியாது, கோச்சுக்கும் தெரியாது.

கண் விஷயத்தை வீட்டிலேயே பார்த்துவிடலாம். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்னத் துளை விட்டு, சுவர்க்கடிகாரத்தை அதன் வழியாகப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லுங்கள். எந்தக் கண்ணை மூடினால் கடிகாரம் மறைகிறதோ அதுதான் ஓங்கிய கண். வலது கைப்பழக்கமும் இடது ஓங்கிய கண்ணும் சேர்ந்து இருப்பது அபூர்வம் இல்லை. அப்படிப்பட்ட பிள்ளை இடது பக்கமாகவே பழகுவதா, இடது கண்ணை மறைத்துக்கொண்டு வலது பக்கம் சுடுவதா என்பதைக் கோச் சில வாரங்கள் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதற்குள் வலது கை கிரிப் (கைப்பிடி) உள்ள பிஸ்டலை வாங்கி வைத்துவிட்டால், முடிவைப் பொருள் எடுத்துவிடும்.

ரைஃபிளா, பிஸ்டலா?

செலவை மட்டும் பார்த்தால் பிஸ்டல். ரைஃபிளுக்கு ஜாக்கெட், டிரவுசர், ஷூ, கிளவுஸ் என்று தனிப் பட்டியலே இருக்கிறது. பிஸ்டலுக்கு ஒரு கண்ணாடியும் தட்டையான ஷூவும் இருந்தால் தேசியப் போட்டி வரை போகலாம்.

ஆனால் முடிவு செலவை வைத்து எடுக்கக்கூடாது. ரைஃபிள் எலும்பின் மேல் உட்காருகிறது: இடது முழங்கை இடுப்பெலும்பில் ஊன்றி, 5.5 கிலோ வரை உள்ள எடையை எலும்புக்கூடே தாங்க வேண்டும். தசை தாங்க ஆரம்பித்தால் நடுக்கம் வந்துவிடும். பிஸ்டல் ஒரே கையை நீட்டிச் சுடுவது, எந்த ஊன்றுகோலும் கிடையாது, எடை 1.5 கிலோவுக்குள். கை ஆடத்தான் செய்யும். ஆடுகிற கையோடு ட்ரிகரை (விசையை) எப்படி அசங்காமல் அழுத்துவது என்பதே அங்கு வித்தை.

இலக்கும் வேறு. ரைஃபிள் இலக்கில் 10 என்பது 0.5 மில்லிமீட்டர் புள்ளி. சுடுகிற பெல்லட்டின் (சின்ன ஈயக் குண்டின்) விட்டமே 4.5 மில்லிமீட்டர். வளையத்துக்கு வளையம் 2.5 மில்லிமீட்டர்தான் தூரம். ரைஃபிளின் குழல் முனையில் உள்ள முன்குறிக்கும் கண்ணருகே உள்ள பின்குறிக்கும் இடையே சுமார் 80 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், குறி 0.2 மில்லிமீட்டர் விலகினாலே ஒரு வளையம் போய்விடும். பிஸ்டல் இலக்கின் 10 வளையம் 11.5 மில்லிமீட்டர், ஆனால் குறிகளுக்கு இடையிலான தூரம் ரைஃபிளில் பாதிகூட இல்லை. இரண்டும் கடினம்தான், கடினத்தின் குணம் வேறு. கட்டுக்கோப்பாக ஒரே நிலையில் நிற்பதில் சுகம் காணும் பிள்ளைக்கு ரைஃபிள் ஒத்துவரும். இரண்டையும் சில நாள் எடுத்துப் பார்க்கட்டும்.

ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேண்டுமா?

2016-ம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லிமீட்டர் காலிபரில் (குழலின் உள்விட்டத்தில்) 20 ஜூல் ஆற்றலுக்குள் உள்ள ஏர் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை. போட்டி ஏர் ரைஃபிள் சுமார் 7.5 ஜூல்தான். வாங்கும்போது கடையில் அடையாளச் சான்று கேட்பார்கள், கொடுங்கள். பில்லைத் துப்பாக்கிப் பெட்டியிலேயே வையுங்கள். வழியில் போலீஸ் நிறுத்திக் கேட்டால் முதலில் காட்ட வேண்டியது அதுதான். .22 ரைஃபிளுக்குப் போனால் கதை வேறு, 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் கட்டாயம்.

லைசென்ஸ் வேண்டாம் என்பதால் தோட்டத்தில் கொக்கையும் காட்டுப்புறாவையும் சுடலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். அருணாசலப் பிரதேசத்தில் காட்டுப் பறவைகளைக் காப்பாற்ற 2021-ல் ஏர்கன் ஒப்படைப்பு இயக்கமே நடத்தி, மக்களிடமிருந்து துப்பாக்கிகளைப் பெற்றுக்கொண்டார்கள். விளையாட்டுக்கு வருகிறவர் உயிரின் பக்கம் குழலைத் திருப்பக் கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுத்தல் கிடையாது.

காற்றில் சுடுவதுதானே, இவ்வளவு பாதுகாப்பு எதற்கு?

பெல்லட் நொடிக்கு சுமார் 170 மீட்டர் வேகத்தில் போகிறது. மணிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல். கண்ணில் பட்டால் கண் போய்விடும்.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. இன்று ஏர் பிஸ்டல் எடுக்கும் பிள்ளை நாளை 25 மீட்டரில் .22 பிஸ்டல் எடுக்கும். கை பழகியதைத்தான் செய்யும். ஏர் துப்பாக்கியில் அலட்சியம் பழகிய கை, அங்கேயும் அதே அலட்சியத்தோடு போகும்.

ரேஞ்சுக்குள் கையாளும் முறையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

சுருக்கமாகச் சொன்னால் நான்கு பழக்கம். எந்தத் துப்பாக்கியையும் பெல்லட் ஏறியதாகவே நினை. குழல் முனை எப்போதும் இலக்குப் பக்கமே இருக்கட்டும். குறி அமையும் வரை விரல் ட்ரிகர் கார்டுக்கு (ட்ரிகரைச் சுற்றியுள்ள வளையத்துக்கு) வெளியே இருக்கட்டும். இலக்குக்குப் பின்னாலும் பக்கத்திலும் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு சுடு.

இவை மனப்பாடம் ஆக ஐந்து நிமிடம் போதும், உடம்பில் ஏறப் பல மாதம் பிடிக்கும். தவறு நடக்கும் இடங்கள் எல்லா ரேஞ்சிலும் ஏறக்குறைய ஒன்றுதான், அவற்றைக் குறிப்பாகச் சொல்கிறேன்.

முதல் இடம் பெட்டியைத் திறக்கும் நேரம். பெட்டிக்குள் குழல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து, அந்தப் பக்கம் இலக்கை நோக்கும்படி மேசையில் வைத்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். பலர் வசதியான பக்கத்தில் திறந்து, எடுத்து, பிறகு திருப்புகிறார்கள். அந்தத் திருப்பலில் குழல் பக்கத்து லேனில் நிற்பவர் வயிற்றைத் தடவிக்கொண்டு போகிறது.

இரண்டாவது, யாராவது பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடும் நேரம். புதியவர் துப்பாக்கியோடே திரும்பிவிடுவார். மனிதச் சுபாவம், திட்டிப் பயனில்லை. "கூப்பிட்டால் முதலில் துப்பாக்கியை மேசையில் வை, பிறகு திரும்பு" என்று தனியாகவே பயிற்சி கொடுக்க வேண்டும். பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: பிள்ளை சுடும் கோட்டில் நிற்கும்போது பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். போட்டோவுக்குத் திரும்பச் சொல்லவே சொல்லாதீர்கள்.

மூன்றாவது, பெல்லட் போட்டோமா இல்லையா என்ற சந்தேகம். சந்தேகம் வந்தால் இன்னொன்றைத் திணிக்கக் கூடாது. இரண்டு பெல்லட் உள்ளே போனால் குழலில் சிக்கும். குழலை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு, கையைத் தூக்கி, ரேஞ்ச் ஆபீசரிடம் சொல்லுங்கள். சுட்டும் பெல்லட் வெளியே வராவிட்டாலும் இதேதான். உள்ளே எட்டிப் பார்க்கிற ஆசை எல்லோருக்கும் வரும். குழல் வழியாக எட்டிப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம்.

மெரினாவிலும் பொருட்காட்சியிலும் பலூன் சுட்டுப் பழகிய கை நம்மில் நிறையப் பேருக்கு உண்டு. அங்கே துப்பாக்கி கைமாறும் விதம், விரல் முதலிலேயே ட்ரிகரில் போய் உட்காரும் விதம் இரண்டையும் ரேஞ்ச் வாசலில் கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும். அந்த வகை, குழலை மடக்கிப் பெல்லட் போடும் ஸ்பிரிங் ரைஃபிளைப் பழகினால், பெல்லட் போடும்போது இன்னொரு கையால் குழலைக் கெட்டியாகப் பிடித்திருக்க வேண்டும். மடக்கிய நிலையில் ட்ரிகர் தட்டினால் குழல் சட்டென்று மூடும்; விரல் நசுங்கும்.

அந்த ஆரஞ்சு நிறக் கயிறு எதற்கு?

அது சேஃப்டி ஃபிளாக். ஏர் துப்பாக்கிக்கு அது குழலின் முழு நீளமும் போய் முனையில் வெளியே தெரிய வேண்டும் என்பது சர்வதேச விதி. முனையில் ஆரஞ்சு தெரிந்தால் உள்ளே பெல்லட் இல்லை என்று தூரத்திலிருந்தே எவரும் உறுதியாக அறியலாம். விலை மிகக் குறைவு. நீங்கள் வாங்கும் முதல் பொருள் இதுவாக இருக்கட்டும்.

கட்டளைகள் புரியாமல் தடுமாறுகிறேன். எவற்றைத் தெரிந்திருக்க வேண்டும்?

லோட், ஸ்டார்ட், ஸ்டாப், அன்லோட். தகுதிச் சுற்றில் முதலில் 15 நிமிடம் தயாரிப்பும் பழகு சுடுதலும், பிறகு எலக்ட்ரானிக் இலக்கில் 60 ஷாட்டுக்கு 75 நிமிடம். ஸ்டாப் என்றால் அப்போதே நிறுத்த வேண்டும். குறி அருமையாக அமைந்திருக்கிறது, இந்த ஒன்றை விட்டுவிடுகிறேன் என்பது கூடாது. அந்த ஷாட் மதிப்பெண்ணைக் கெடுக்கும். பயிற்சியில் ஆபத்தைப் பார்த்த எவரும் ஸ்டாப் என்று கத்தலாம், புதியவருக்கும் அந்த உரிமை உண்டு.

சரி, பணம் செலவழிக்கலாம் என்றால் எந்த வரிசையில்?

ஃபிளாக்குக்குப் பிறகு ஷூ. ரைஃபிளுக்கு அடி தட்டையான, பக்கம் உறுதியான ஷூ. அதன் அடித்தளம் 10 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, முன்பாதம் வளைய வேண்டும் என்று விதி இருக்கிறது. நடக்கும்போது வளையாத ஷூவைப் போட்டியின் உபகரணச் சோதனையில் தள்ளிவிடுவார்கள். பிஸ்டலுக்கு ஷூ கணுக்காலை மறைக்கக் கூடாது. முதல் ஆண்டு பிஸ்டல் பிள்ளைக்குத் தட்டையான அடியுள்ள சாதாரண கேன்வாஸ் ஷூ போதும். மெத்தென்ற ஓட்டப் பயிற்சி ஷூ மட்டும் வேண்டாம். அதன் மேல் நின்றால் உடம்பு மெல்ல ஆடிக்கொண்டே இருக்கும்.

அடுத்தது ரைஃபிளுக்கு இடது கை கிளவுஸ். அதற்கடுத்தது கண்ணுக்குத் தேவையானது. பிறகு நல்ல பெல்லட். அதற்குப் பிறகுதான் ஜாக்கெட், டிரவுசர். இத்தனையும் ஆன பிறகு, கோச்சே "இனி சொந்தத் துப்பாக்கி இருந்தால் நல்லது" என்று சொல்லும் நாளில் துப்பாக்கி. இந்த வரிசையில் போனால், நடுவில் பிள்ளை விளையாட்டை விட்டாலும் உங்கள் பணம் பெரிதாகப் போகாது.

வெளியில் வேறு அறிவுரை கிடைக்கும். "நல்ல துப்பாக்கி இருந்தால்தான் ஸ்கோர் வரும்" என்பார்கள். போட்டி ரைஃபிளைப் பிடிக்கருவியில் பூட்டிச் சுட்டால் எல்லாப் பெல்லட்டும் ஒரே துளையில்தான் விழும், கிளப்பில் இருக்கும் பழைய ரைஃபிளிலும்கூட ஏறக்குறைய அப்படித்தான். ஆரம்பத்தில் ஸ்கோர் குறைவது நிற்கும் விதத்தாலும் ட்ரிகர் விரலாலும். அந்தக் குறையை எந்தக் கடையிலும் வாங்கித் தீர்க்க முடியாது.

ரைஃபிள் ஜாக்கெட் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

அளவும் விதியும். ஜாக்கெட்டும் டிரவுசரும் ஒற்றை மடிப்பில் 2.5 மில்லிமீட்டருக்கு மேல் தடிக்கக் கூடாது. விறைப்பை அளக்கத் தனிக் கருவி உண்டு, துணி அதில் குறைந்தது 3.0 மில்லிமீட்டர் வளைய வேண்டும். புதிய ஜாக்கெட் விறைப்பாக இருந்து சோதனையில் தோற்பது நடக்கிறது. போட்டிக்கு முந்தைய நாள் புது ஜாக்கெட்டோடு போய் நிற்காதீர்கள்.

வளரும் பிள்ளைக்கு அளவெடுத்துத் தைத்த ஜாக்கெட் ஓராண்டில் இறுகிவிடும். மூத்த ஷூட்டர்களிடம் சின்னதாகிப்போன ஜாக்கெட் இருக்கும், கேட்டு வாங்குங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. இந்தியாவிலேயே அளவெடுத்துத் தைத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள்; கூடிய மட்டும் நேரில் போய் அளவு கொடுங்கள், ரைஃபிளைத் தூக்கி நின்ற நிலையில் எடுக்கச் சொல்லுங்கள். கையைத் தொங்கவிட்டு நின்று எடுத்த அளவு, சுடும் நிலையில் முதுகில் இழுக்கும்.

நம் ஊருக்கு ஒரு குறிப்பு. சென்னையிலும் கடலோர ஊர்களிலும் வியர்வை ஊறிய ஜாக்கெட்டை அப்படியே பையில் திணித்தால், மழைக்காலத்தில் தோல் பகுதி பூஞ்சை பிடிக்கும். வீடு வந்ததும் விரித்துத் தொங்கவிடுங்கள், நேரடி வெயிலில் வேண்டாம். உள்ளே பருத்தி பனியன் போட்டுக்கொள்ளட்டும். முதுகில் ஜாக்கெட் தாங்குகிறதே என்று முதல் நாளிலிருந்தே அதைப் போட்டுப் பழகினால் இடுப்பும் முதுகும் வலுப்பெறாது. வாரத்தில் சில வேளை ஜாக்கெட் இல்லாமல் ரைஃபிளைத் தூக்கி நிற்கப் பழக்குங்கள்.

பிஸ்டல் கிரிப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கிரிப் கை அளவைப் பொறுத்துச் சிறியது, நடுத்தரம், பெரியது என்று வரும். பிஸ்டலைப் பிடித்துக் கண்ணை மூடிக் கையை உயர்த்துங்கள். கண்ணைத் திறக்கும்போது முன்குறி பின்குறியின் நடுவில் இருந்தால் கிரிப் உங்களுக்குப் பொருந்துகிறது. ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் விலகினால் பொருந்தவில்லை. விரல் நுனித் தசை ட்ரிகரை நேர் பின்னால் அழுத்த வேண்டும். பக்கவாட்டில் உரசக் கூடாது. மரக் கிரிப்பை அரத்தால் ராவியும் மரப்புட்டி பூசியும் கைக்கு ஏற்றபடி செய்வது வழக்கம்தான், ஆனால் கை முழுதாக வளரும் வரை பொறுங்கள். மணிக்கட்டைத் தாங்கும் எந்தப் பட்டையும் போட்டியில் செல்லாது, மணிக்கட்டு வெளியே தெரிய வேண்டும்.

ட்ரிகர் எடையும், அதாவது ட்ரிகர் விடுபட எவ்வளவு எடை அழுத்தம் வேண்டும் என்பதும், இங்கேயே வரட்டும். ஏர் பிஸ்டலுக்குக் குறைந்தது 500 கிராம். சோதனையில் எடைக்கல்லைத் தொங்கவிட்டுப் பார்ப்பார்கள், அதனால் சற்றுக் கூடுதலாக வைப்பது நல்லது. ரைஃபிளுக்கு அந்தக் குறைந்தபட்சம் கிடையாது; ஆனாலும் புதியவருக்கு மிக மெல்லிய ட்ரிகர் வைத்துக் கொடுக்காதீர்கள், விரல் சரியாக வைக்கும் முன்பே ஷாட் போய்விடும்.

துருக்கிக்காரர் ஒருவர் கருவி எதுவும் மாட்டாமல் ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கினாரே?

யூசுஃப் டிக்கெச். பாரிஸ் 2024 கலப்பு ஏர் பிஸ்டலில் செவ்வால் இலாய்தா தர்ஹானோடு சேர்ந்து வெள்ளி. ஒரு கை பாக்கெட்டில், கண்ணில் சாதாரணக் கண்ணாடி. அந்தப் படம் உலகம் முழுவதும் சுற்றியது. அதைப் பார்த்துப் பலர் மற்றவர்களெல்லாம் கருவி மாட்டி ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள். பிஸ்டலில் எல்லோருக்குமே உபகரணம் குறைவு. மற்றவர்கள் மாட்டியிருந்தது பார்வைக்கான லென்ஸ், கண்ணுக்கு வரும் வெளிச்சத்தைச் சரிசெய்யும் ஐரிஸ், ஒரு கண்ணை மறைக்கும் பிளைண்டர், அவ்வளவுதான். அவர் இரண்டு கண்ணையும் திறந்தே சுடப் பழகியவர், காதில் அடைப்பான்களும் வைத்திருந்தார். நீண்ட காலப் பயிற்சி அந்த எளிமைக்குப் பின்னால் இருக்கிறது.

நமக்கு வேண்டிய பாடம் ஒரு கண்ணை இறுக்கி மூடாமல் இருப்பது. மூடினால் திறந்த கண்ணும் களைத்துவிடும். 30 மில்லிமீட்டர் அகலத்துக்குள் மங்கலான பிளாஸ்டிக் பிளைண்டர் வைத்தால் கண் திறந்திருக்கும், காட்சி மட்டும் மறையும். பால் வெள்ளை நிறமே நல்லது. கறுப்பு வைத்தால் இரண்டு கண்ணுக்கும் வெளிச்சம் வேறுபட்டுக் கண்மணி பெரிதாகும்.

பவர் உள்ள பிள்ளைகளுக்கு: கண் மருத்துவரிடம் போகும்போது பிஸ்டலின் முன்குறி கண்ணிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்துகொண்டு போங்கள். பார்வை கூர்மையாக வேண்டியது அந்த முன்குறியில்தான், இலக்கு மங்கலாக இருப்பதே சரி. படிக்கும் கண்ணாடியும் தெருவில் போடும் கண்ணாடியும் அந்தத் தூரத்துக்குப் பொருந்தாமல் போகலாம்.

எந்தப் பெல்லட்?

போட்டிக்குத் தட்டைத் தலைப் பெல்லட்தான். காகிதத்தில் சுத்தமான வட்டத் துளை போடும். ரைஃபிளுக்குச் சுமார் 0.53 கிராம், பிஸ்டலுக்குச் சுமார் 0.45 கிராம் வகைகள் வழக்கம். ஆர்டபிள்யூஎஸ், எச் அண்டு என், ஜேஎஸ்பி போன்ற நிறுவனங்களின் டப்பாவில் தலையின் விட்டம் 4.49, 4.50 என்று எழுதியிருக்கும். எது உங்கள் குழலுக்குப் பொருந்தும் என்பது சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஒரு ஷாட்டின் மதிப்பெண்ணை 10.2-லிருந்து 10.5 ஆக்கும் காலத்தில் இந்தத் தேடல் பயன் தரும். எட்டும் ஒன்பதும் சுடும் காலத்தில் கிளப் தரும் பெல்லட் போதும். பாவாடை (பின்புற விளிம்பு) நசுங்கிய பெல்லட்டைத் தனியே எடுத்துவிடுங்கள், டப்பாவைக் கீழே போடாதீர்கள்.

பெல்லட் ஈயம். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது, சுடும் கோட்டில் நொறுக்குத் தீனி கூடாது, பெல்லட்டை வாயில் வைத்துக்கொள்ளவே கூடாது. வளரும் குழந்தைகளுக்கு ஈயம் நஞ்சு.

துப்பாக்கியில் மாட்டும் காற்றுச் சிலிண்டர் பற்றி யாருமே சொல்லித் தருவதில்லை. என்ன தெரிந்திருக்க வேண்டும்?

நிறையத் தெரிந்திருக்க வேண்டும். ரேஞ்சில் உண்மையிலேயே வெடிக்கக்கூடிய பொருள் அதுதான். பெரும்பாலான போட்டித் துப்பாக்கிகளில் 200 பார் அழுத்தத்தில் காற்று நிரப்புகிறோம். கார் டயரில் இருப்பது சுமார் 2 பார்தான்.

சிலிண்டரில் தயாரிப்புத் தேதி பொறித்திருக்கும். தயாரிப்பாளர் சொன்ன காலம், அதிகபட்சம் 10 ஆண்டு, அதற்கு மேல் போட்டியில் அனுமதி கிடையாது. பழைய துப்பாக்கியை வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். குழலைப் பார்ப்பார்கள், மரத்தின் பளபளப்பைப் பார்ப்பார்கள், தேதியைப் பார்க்க மாட்டார்கள். புது சிலிண்டர் விலையைச் சேர்த்துப் பேரம் பேசுங்கள்.

நிரப்ப வேண்டியது உலர்ந்த காற்று மட்டும். ஆக்சிஜன் கூடவே கூடாது. உள்ளே கிரீஸ் தடம் இருந்தால் தீப்பற்றி வெடிக்கும். அதே காரணத்தால் திருகில் கண்ட எண்ணெயையும் தடவக் கூடாது. கைப்பம்பில் நிரப்புகிறவர்கள் ஈரம் உறிஞ்சும் வடிகட்டி இல்லாமல் அடிக்காதீர்கள். நம் ஊர்க் காற்றின் ஈரம் உள்ளே போனால் அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் கெடும், பெல்லட்டின் வேகம் ஏறி இறங்கும். மெல்ல நிரப்புங்கள், வேகமாக ஏற்றினால் சூடாகும். மே மாத வெயிலில் பூட்டிய காருக்குள் நிரம்பிய சிலிண்டரை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

விமானத்தில் போகும்போது காற்றை முழுவதும் வெளியேற்றிய சிலிண்டரைத்தான் ஏற்பார்கள். விமான நிறுவனத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் பழகலாமா?

பெல்லட் இல்லாமல் பழகலாம், பழக வேண்டும். இதை டிரை ஃபயர் என்கிறோம். போட்டித் துப்பாக்கிகளில் இதற்கென்றே ஒரு அமைப்பு இருக்கும். ஸ்பிரிங் ரைஃபிளில் மட்டும் செய்யாதீர்கள், பிஸ்டன் அடிபட்டுக் கெட்டுவிடும்.

அறையில் பெல்லட் டப்பாவே இருக்கக் கூடாது. வெற்றுச் சுவரைப் பார்த்து நில்லுங்கள், அந்தச் சுவருக்குப் பின்னால் யாரும் படுக்கும் அறை இருக்கக் கூடாது. உயர்த்து, மூச்சை அமர்த்து, குறியைப் பார், அழுத்து, அழுத்திய பிறகும் இரண்டு நொடி அப்படியே இரு. அந்த இரண்டு நொடியில் முன்குறி எங்கே குதித்தது என்று கண் பார்த்துச் சொல்லும். ஏழெட்டு நொடிக்குள் ஷாட் அமையாவிட்டால் இறக்கிவிடு. இறக்கி வைப்பதைத் தோல்வியாக நினைக்கும் பிள்ளைகள் உண்டு. இறக்கத் தெரிந்தவர்தான் வளர்கிறார் என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டே இருங்கள்.

போட்டிக்குப் போகும் பையில் என்ன இருக்க வேண்டும்?

ஆலன் கீ செட், சின்னத் திருப்புளி, மாற்று ஓ-ரிங், பேட்டரி, இன்னொரு சிலிண்டர், இரண்டாவது சேஃப்டி ஃபிளாக், சோதித்து வைத்த பெல்லட், கண்ணாடி துடைக்கும் துணி. டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கரின் பிஸ்டலில் காக்கிங் லீவர் (சுடத் தயாராக்கும் நெம்புகோல்) சுற்றின் நடுவிலேயே பழுதானது. சரிசெய்து திரும்புவதற்குள் பல நிமிடங்கள் போய்விட்டன, கடிகாரம் அவருக்காக நிற்கவில்லை. அவசரமாகச் சுட்டும் 575 எடுத்தார், 12-வது இடம், இறுதிச்சுற்றுக்குள் போக முடியவில்லை. மூன்று ஆண்டு கழித்து பாரிஸில் அதே விளையாட்டில் இரண்டு பதக்கம். உலகத் தரத் துப்பாக்கிக்கும் பழுது வரும். போட்டிக்கு முந்தைய வாரம் எல்லாத் திருகையும் சோதித்துவிட்டு, அதற்குப் பிறகு எதையும் மாற்றாதீர்கள். முன்குறியில் போடும் புது இன்சர்ட், புது கிரிப், புது ஷூ எதுவானாலும் போட்டி முடிந்து வந்து போட்டுப் பார்க்கலாம்.

வீட்டில் எங்கே வைப்பது?

பூட்டிய அலமாரியில் துப்பாக்கி, வேறு இடத்தில் பெல்லட், சாவி பெரியவர் கையில். விருந்தாளி வந்தால் எடுத்துக் காட்டச் சொல்லிப் பிள்ளையைக் கேட்காதீர்கள். பார்க்க ஆசைப்படுகிறவர்களை ரேஞ்சுக்கு அழைத்து வாருங்கள். சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் ரைபிள் கிளப்கள் இருக்கின்றன; முன்பே போன் செய்து, பயிற்சி நேரத்தையும் கோச் யார் என்பதையும் கேட்டுக்கொண்டு போனால் உள்ளே நின்று பார்க்கவும் விடுவார்கள்.